ஷீல்டு போட்டவன்

டேய் மச்சான்,

உன் ஜாய்ஸ்டிக் இப்போது என் மேசைமேல் கிடக்கிறது. பிடியில் உன் வியர்வை நாற்றம் இன்னும் போகவில்லை. இன்று காலை உன் மனைவி அயனம்பாக்கத்திலிருந்து ஆட்டோவில் வந்து, வாசலுக்குள் காலைக்கூட வைக்காமல், அதை என் கையில் திணித்துவிட்டுப் போனாள். செத்தவனைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் போகிறேன்.

அந்த விண்வெளிச் சண்டை விளையாட்டை நாம் ஆடிய விதமே அநியாயம். ஒருவர் ஓட்ட வேண்டிய கப்பலை இரண்டு பேராக ஓட்டினோம். ஜாய்ஸ்டிக் உனக்கு, கீபோர்டு எனக்கு. நீ குறிபார்த்துச் சுடுவாய். கப்பலில் இருக்கிற சக்தியை எஞ்சினுக்கும் துப்பாக்கிக்கும், அடி தாங்குகிற ஷீல்டுக்கும் பிரித்துக் கொடுப்பது என் வேலை.

"ஷீல்டு இன்னாத்துக்கு? எல்லாத்தையும் துப்பாக்கிக்குத் தள்ளு மாமே!" என்று கத்துவாய்.

"பின்னாடி ஒருத்தன் ஒட்டிகினு வரான்டா" என்றால் காதில் வாங்க மாட்டாய். கப்பல் வெடித்ததும் கூட இருப்பவர்களிடம் திரும்பி, "இவன் ஷீல்டு போடல, அதான்" என்பாய். ஜெயித்தால் நீ, தோற்றால் நான். பாடிப் பக்கம் ஒரே தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமாகி, தலை நரைத்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி முடிந்ததும் உன் வீட்டில் இதே கூத்துதான். "பாவம் அண்ணன், எல்லாப் பழியும் அவரு தலையிலயா?" என்று உன் மனைவி சிரிப்பாள். விளையாட்டுதானே என்று நானும் சிரித்துத் தொலைத்தேன்.

போன மாதம் கம்பெனி பஸ்ஸில் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே வந்தாய். என்னவென்று கேட்டால், "வாயுடா. சோடா குட்ச்சா பூடும்" என்றாய். டாக்டரிடம் போகலாம் என்றதற்கு, "உன் வேலையப் பாரு" என்று எரிந்து விழுந்தாய். மறு வாரம் மெஷின் பக்கத்திலேயே சரிந்துவிட்டாய்.

இன்று உன் மனைவி என்னை அண்ணா என்று கூப்பிடவில்லை.

"நீங்கதான அவர டாக்டராண்ட இட்டுகினு போனீங்க? ஈசிஜி எட்த்தாங்க, வெறும் வாயுதான்னு சொன்னாங்கன்னு சொன்னாரே. நீங்க கூடப் போனீங்கன்னுதான நான் தைரியமா இருந்தேன்? எந்த டாக்டரு அது? நான் போய் கேக்கறேன்."

எந்த டாக்டர்? எந்த ஈசிஜி? அடப்பாவி! அவள் வாயை அடைக்க என் பெயர்தானா உனக்குக் கிடைத்தது? நீ உயிரோடு இருந்திருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன்.

"டாக்டர் மேல தப்பு இல்லம்மா. பெரிய ஆஸ்பத்திரில இன்னும் நல்லா பாக்கச் சொல்லியிருந்தாரு. நான்தான் அசால்ட்டா வுட்டுட்டேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். "இனிமே எங்க ஊட்டாண்ட வராதீங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.

உன்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று இளித்துக்கொள்ளாதே. கட்டினவன் தன்னிடம் பொய் சொல்லிவிட்டுச் செத்தான் என்று தெரிந்தால் அவள் தாங்க மாட்டாள். என்மேல் ஆத்திரப்பட்டுக்கொண்டிருந்தால், உன்னை நினைத்து அழவாவது அவளால் முடியும்.

நான் உன்னை மன்னிக்கவில்லை. கடைத்தெருவில் அவள் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் மனசுக்குள் உன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டுவேன். வாய் திறந்து உண்மையை மட்டும் சொல்ல மாட்டேன்.