டாக்டர் இவரிடம் சொன்னது

ஜூலை 8, திங்கள்
காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. எழுந்ததும் தலைசுற்றல், கட்டிலே இடது பக்கம் சாய்கிற மாதிரி. பின்கழுத்து வலி, காது வரைக்கும். பள்ளிக்கு மறுபடி லீவு. பிள்ளைகளின் கணக்கு நோட்டுகள் அப்படியே கிடக்கின்றன.

சனிக்கிழமை திருப்பதியில் நரம்பு டாக்டர் முழங்காலைச் சுத்தியலால் தட்டினார், கண்ணில் லைட் அடித்தார். "ஏம் லேதம்மா", ஒன்றுமே இல்லை என்று தெலுங்கில் சொல்லிச் சிரித்தார். பிறகு என்னை வெளியே உட்காரச் சொல்லி, என் வீட்டுக்காரரை மட்டும் நிறுத்திக்கொண்டார். கதவைச் சாத்திக்கொண்டு பேச்சு. வெளியே வந்த இவர் முகத்தில் ரத்தமில்லை. கேட்டதற்கு, எனக்கு ரத்தம் கம்மியாம்.

அதைச் சொல்லக் கதவைச் சாத்துவானேன்?

ஜூலை 10, புதன்
வெயில். கத்தரிக்காய்க் குழம்பு, உப்பு அதிகம். சாப்பிடும்போது சும்மா கேட்பது போல மறுபடி கேட்டேன். இன்றைக்கு நரம்புத் தளர்ச்சி என்கிறார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

மாலை நகரியிலிருந்து இவருடைய தங்கை சுகிர்தம் பெட்டியோடு வந்து இறங்கினாள். நான் கூப்பிடவில்லை. "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் அண்ணி." சும்மா வருகிறவளுக்குப் போர்வை எதற்கு?

ஜூலை 12, வெள்ளி
வாங்க: நீலம், சிவப்பு மை, ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய், பீரோவுக்கு நல்ல பூட்டு.

குளிக்கும் அறையில் தாழ்ப்பாளைக் காணோம். துருப்பிடித்துவிட்டதாம். நான் உள்ளே போனால் சுகிர்தம் வெளியே நிற்கிறாள். சமையலறையில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்க்கிறாள். எனக்குப் பிறகு வீட்டை நடத்தவா?

மூளையில் கட்டி. அதுதான். எல்லாருக்கும் தெரியும், என்னைத் தவிர.

ஜூலை 14, ஞாயிறு
சர்ச்சில் பாட்டுக்கு எழுந்ததும் பீடம் நகர்ந்தது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். ஆராதனை முடிந்து இவரும் போதகரும் கேட் பக்கம் குசுகுசு. நான் கிட்டே போனதும் பேச்சு மழைக்கு மாறியது. அடக்கத்துக்கு இப்போதே சொல்லிவைக்கிறாரோ.

ஜூலை 20, சனி
மறுபடி திருப்பதி போக வேண்டும் என்று நான்தான் அடம்பிடித்தேன். டாக்டரை நேராகவே கேட்டுவிடலாம். இவர் வேண்டவே வேண்டாம் என்றார். கிளம்பிவிட்டேன், கூடவே வந்தார். பஸ் முழுக்க மலைக்குப் போகிற கூட்டம், கோவிந்தா சத்தம். பூதலப்பட்டில் நின்றபோது மெதுவாகக் கேட்டேன், கட்டி எவ்வளவு பெரிசு என்று.

இவர் திடுக்கிட்டுப் பார்த்தார். "கட்டியும் இல்ல ஒண்ணியும் இல்ல. வேலைக்குப் போவ இஷ்டமில்லாம நீ நடிக்கிறேன்னாரு. மனநோய் டாக்டருகிட்ட இட்டுக்கினு போவச் சொன்னாரு. அத உங்கிட்ட எப்டி சொல்றது?"

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"சண்ட போட்டுட்டேன். இனிமே வராதீங்கன்னுட்டாரு."

அப்புறம் எல்லாம் வந்தது. போன மாதம் குளிக்கும் அறையில் நான் விழுந்த சத்தம் இன்னும் இவர் காதில் இருக்கிறதாம். நடிக்கிறவள் தலையை அப்படி மோதிக்கொள்ள மாட்டாளாம். தாழ்ப்பாளைக் கழற்றியது அதனால்தான். சுகிர்தத்தை வரவழைத்ததும் இவரே. போதகரிடம் விசாரித்தது வேறு டாக்டர் யாராவது உண்டா என்று.

திருப்பதியில் இறங்கிக் காபி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினோம். வழியெல்லாம் வேறு ஒன்று குடைந்தது. பள்ளிக்கூடம் எனக்கு அலுத்துப்போனது நிஜம்தானே. டாக்டர் சொன்னது சரியாக இருந்தால்? இவரைச் சந்தேகப்பட்டது போய், இப்போது என்னையே.

ஜூலை 23, செவ்வாய்
புழுக்கம். போதகர் சொன்ன லேடி டாக்டர் இங்கே சித்தூரிலேயே இருக்கிறார், வயதானவர். என்னைச் சட்டென்று மல்லாக்கச் சாய்த்து, தலையைத் திருப்பிப் பிடித்தார். கூரை சுழன்றது. வாந்தி. அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். இவரையும் கூப்பிட்டுக் காட்டினார். கருவிழி தானாகத் துள்ளுகிறதாம்.

"இத யாரும் வேணும்னு செய்ய முடியாது" என்றார்.

என்ன வியாதி என்று கேட்டேன்.

"காதா, மூளையா, எனக்கு இன்னும் தெரியலம்மா. கழுத்து வலி ஏன்னும் தெரியல. ஆனா இருக்குது."

இருக்குது. என்னவென்று தெரியாவிட்டாலும்.

வாசலில் இவர் அழுதுவிட்டார், என் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு. எனக்கு அழுகை வரவில்லை. நல்ல பசி. "எதுனா துன்னுட்டுப் போலாமா" என்றேன்.