எண்ணும் முன்னே கொடுத்த மிட்டாய்

ஜூலை 2

பெரிய பேரன் பாலம் கட்டும் என்ஜினியர். அவன் தங்கை பல் டாக்டர். என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவளே அவள்தான், துளி வலி இல்லை. மகள் வீட்டுப் பையன் ஓட்டப் பந்தயத்தில் கோப்பை வாங்கினவன். கடைக்குட்டி சின்னவள் கல்லூரியில் மாணவர் தலைவி. இந்த வருடத் தேர்தலிலும் நிற்கிறாள். இதையெல்லாம் இன்று லிஃப்டில் டீச்சரிடம் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய மூன்றாம் மாடி வந்துவிட்டது. கதவைக் கையால் பிடித்துக்கொண்டு மீதியையும் சொன்னேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். என் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி நான் பேசாமல் வேறு யார் பேசுவது?

ஜூலை 5

இன்று ஓட்டு. சாயங்காலம்தான் எண்ணுவார்களாம். எண்ணித்தான் தெரிய வேண்டுமா? மத்தியானமே மிட்டாய் வாங்கி நாலு மாடிக்கும் கொடுத்துவிட்டேன். "ஜெயிச்சாச்சா பாட்டிம்மா?" என்றார் டீச்சர். "ஜெயிச்ச மாதிரிதான், எடுத்துக்கோங்க" என்றேன்.

ஜூலை 6

தோற்றுவிட்டாள்.

ஜூலை 7

வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. "எல்லாம் உங்க வாயாலதாம்மா. எண்ணி முடிக்கிற வரைக்கும் பொறுக்க முடியலையா?" என்று மகன் குதித்தான். மருமகள் பாத்திரத்தை டங்கென்று வைத்தாள், அதுவே போதும்.

லிஃப்டில் டீச்சர். "மிட்டாயத் தின்னுட்டோமே பாட்டிம்மா, இப்ப என்ன பண்றது?" சிரிப்பு வேறு.

"இந்நேரம் செரிச்சிருக்கும். அப்புறம் என்ன?" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டேன்.

யாராவது கேட்டால் இன்னும் முடிவு வரவில்லை என்று சொல்லணுமாம். மகன் சொல்கிறான். நான் எதுக்குடா பொய் சொல்லணும்? அவ திருடினாளா? ஓட்டுக் கேட்டா, கிடைக்கல. இதுல மறைக்க என்ன இருக்கு?

ஜூலை 10

சின்னவள் ஹாஸ்டலிலிருந்து பேசினாள். குரல் கம்மியிருந்தது. புதிதாகச் சேரும் பிள்ளைகளைப் பழைய தலைவர்தான் பேசி வரவேற்கணும், அது அந்தக் கல்லூரி வழக்கமாம். அப்படியென்றால் இவள்தான். தலைப்பு வேறு கொடுத்திருக்கிறார்கள் — வாய்ப்பைப் பிடித்துக்கொள்வது எப்படி, தோல்வியில் கற்றுக்கொள்வது எப்படி! ஜெயித்தவன் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பானாம். அவனை எல்லோரும் நெட்டையன் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

மகன் போனை வாங்கிக்கொண்டான். "காய்ச்சல்னு சொல்லிடும்மா. தோத்துட்டு மேடையேறினா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்பா. தோக்குறதப் பத்தி ஜெயிச்சவனா வந்து பேசுவான்?"

நான் எட்ட நின்றே கத்தினேன். "போடி! போய்ப் பேசு!"

காய்ச்சலாம் காய்ச்சல்.

ஜூலை 14

பேச்சை மருமகளின் போனில் பார்த்தோம். மேடையேறியதும் முதலில் தண்ணீர் குடித்தாள். பிறகு பிடித்துக்கொண்டாள்.

"நான் எப்படித் தோத்தேன்னு சொல்றேன். பகல்ல வேலைக்குப் போய்ட்டு சாயங்கால வகுப்புக்கு வர்றவங்க இருக்காங்க. அவங்க எங்க ஓட்டுப் போட வரப்போறாங்கன்னு நானே முடிவு பண்ணிட்டேன். ஒரு தடவகூட அவங்ககிட்டப் போகல. நெட்டையன் போனான். கேன்டீன சாயங்காலமே மூடிடறாங்க, பசியோட பாடம் கேக்கறோம்னு அவங்க சொன்னதக் காது குடுத்துக் கேட்டான். எனக்கு அது தெரியவே தெரியாது. ஒரு வருஷம் நான்தான் தலைவி!"

அடுத்து என்னை இழுத்தாள்.

"எங்க பாட்டி ஓட்டு எண்றதுக்கு முன்னாடியே மிட்டாய் குடுத்துட்டாங்க. நானும் அதேதான் பண்ணினேன், மனசுக்குள்ள."

மண்டபமே சிரித்தது. மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எந்த வேலை வந்தாலும் கைய நீட்டுங்க, நாற்காலி போடற வேலையா இருந்தாலும் சரி. தோத்தா அழுங்க. நான் அழுதேன். அழுது முடிச்சதும் எங்க தப்பு பண்ணினோம்னு போய்ப் பாருங்க."

எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். அந்த நெட்டையனும்தான். நல்ல உயரம்.

ஜூலை 15

இத்தனை பேர் நடுவில் என் மானத்தை வாங்கிவிட்டாள். வாங்கட்டும். வேறு யாருக்கு அந்த உரிமை?

ஜூலை 22

நெட்டையன் அவளைக் கூப்பிட்டானாம். கேன்டீனைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும் வேலையை நீ எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டானாம். சரி என்று சொல்லிவிட்டாள்.

மகன் போனில் மறுபடி ஆரம்பித்தான். "போயும் போயும் அவன் கீழயா? உனக்கு ரோஷமே இல்லையா?"

"இருக்குப்பா. அதான் போறேன்."

எனக்கும் முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. தலைவியாக இருந்தவள் இன்னொருவன் சொல் கேட்பதா? ஆனால் அவள் அந்தக் குரலில் பேசினால் அப்பன் என்ன, ஆத்தா என்ன, யாராலும் அசைக்க முடியாது. என் பேத்தி அல்லவா!

ஆகஸ்ட் 19

சாயங்கால வகுப்பு முடியும் வரை கேன்டீன் திறந்திருக்கிறது. சமையல்காரர் தனியாளாக முடியாது என்றாராம். இவள் நாலு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பாத்திரம் கழுவ நிற்கிறாள். வீட்டில் சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்காதவள்! மருமகளுக்குக் கண்ணில் தண்ணீர். மகன் யாருக்கோ போன் போட்டு, "ஆமா, என் பொண்ணுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அவள் பேசும்போது மறக்காமல் சொல்ல வேண்டும்: புதுப் படம் ஒன்று தபாலில் அனுப்புடி. போனில் வேண்டாம், காகிதத்தில். மாலையும் மேடையும் வேண்டாம். அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடுகிற படம். நீ பின்னால் எங்கேயாவது ஓரமாக நின்றால் போதும். நான் கண்டுபிடித்துக்கொள்வேன்.