சண்டைக்காக இல்லை, சளிக்காக

என்னங்க,

நேத்து மாத்திரைக்காகப் போட்ட சண்டையில கோவிச்சுக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிட்டேன்னு நினைக்காதீங்க. கோவம் இருக்கு. ஆனா போறது சளி பிடிச்சதால. வயித்தைச் சின்னதாக்குற ஆபரேஷன் முடிஞ்சு ஒரு வருஷத்துல, உங்க ரத்தத்துல நோயை எதிர்க்கிற வெள்ளை அணு இருக்கவேண்டியதுல பாதிதான் இருக்காம். என் தும்மல் ஒண்ணு போதும், உங்களைப் படுக்க வைக்க.

ஆபரேஷனுக்கு அப்புறம் முடி கொட்டுதுன்னு யாரையும் கேக்காம தினம் மூணு ஜிங்க் மாத்திரை முழுங்கினீங்களே, அதுதான் உடம்புல இருந்த தாமிரச்சத்தைக் குறைச்சு, அணுவையும் கவுத்துடுச்சுன்னு டாக்டர் சொன்னாரே. அந்த டப்பாவை எடுத்துட்டுப் போறேன், தேடாதீங்க. வழுக்கைத் தலையோட குடும்பம் நடத்த எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லை.

முட்டையை நல்லா வேக வெச்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சிருக்கேன். காய்ச்சல் அடிச்சா முதல்ல ஆஸ்பத்திரி, அப்புறம் எனக்கு ஃபோன். கீழ் வீட்டுக்காரர் சீட்டாட வந்தா, இருமல் இருக்கான்னு வாசல்லயே கேட்டுட்டு உள்ள விடுங்க.

சளி விட்டதும் வந்துடுவேன். மிச்சச் சண்டையை அப்ப வெச்சுக்கலாம்.

பி.கு: இதை எழுதுறப்ப ரெண்டு தடவை தும்மிட்டேன். படிச்சதும் கையைக் கழுவுங்க.