கைகாட்டினவள் வந்து நிற்கணும்

அண்டாக்காரி,

உன் கரண்டி ஒன்று என் பூக்கூடைக்குள் வந்து கிடக்கிறது. நீளக் கைப்பிடி வைத்த சாம்பார்க் கரண்டி. பிடியின் நுனியில் ஆணியால் குத்திய உன் பெயரின் முதல் எழுத்து. இன்று காலை கூடையைக் கவிழ்த்து உதறியபோது, வாடிய சம்பங்கிக்கும் வாழைநாருக்கும் நடுவிலிருந்து டங்கென்று விழுந்தது. எடுத்து முகர்ந்து பார்த்தேன். பூவாசமும் பெருங்காய வாசமும் கலந்து அடித்தது. நீ இருந்திருந்தால், "மோந்து பாத்தது போதும், மொதல்ல கூடையக் கழுவு பூக்காரி" என்றிருப்பாய்.

உன் மகளுக்கு போன் போட்டேன். "அதத்தான் சித்தி தேடிக்கிட்டிருக்கேன். செவ்வாக்கெழம வரும்போது கொண்டாங்க" என்றாள். கல்யாணம் முடிந்து நாலு நாள் ஆகவில்லை, மறுவீடு போய் வந்த கையோடு கரண்டி எண்ண உட்கார்ந்துவிட்டாள். யார் பெற்ற பிள்ளை என்று கேட்கவே வேண்டாம்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டம் இன்னும் நடக்கிறது, தெரிந்துகொள். அதை நீ ஆரம்பித்தபோது அதிகம் கேலி செய்தவள் நான்தான். செவ்வாய்க்கிழமை யாரும் கல்யாணம் வைப்பதில்லை, நம் தொழில்காரர்கள் எல்லோரும் சும்மாதான் இருப்பார்கள், வாங்கடா பேசுவோம் என்று உன் வாடகைப் பாத்திரக் குடோனுக்கு அழைத்தாய். பந்தல்காரர், மைக்செட்காரர், பத்திரிகை அடிக்கிறவர், இட்லிக் கடைக்காரர், பேகம்பூரில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் பாய், மேடைக்குப் பூ அலங்காரம் செய்கிற நான். அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே, ஆளுக்கொன்றை உருவிப் போட்டு உட்கார்ந்தோம்.

"என்ன, சங்கமா? மால போட்டு போட்டோ எடுப்பீகளா?" என்று கேட்டேன்.

"டீ மட்டும்தான். வட வேணும்னா நீ வாங்கிட்டு வா" என்றாய்.

ஒருவருக்கு வரும் வேலையை இன்னொருவருக்குக் கைகாட்டிவிடுவது, அவ்வளவுதான் அந்தக் கூட்டம். உன்னிடம் பாத்திரம் எடுக்க வருகிறவர்கள் பூவுக்கு யார் என்று கேட்டால் என்னைச் சொல்வாய். என்னிடம் வருகிறவர்கள் பந்தலுக்குக் கேட்டால் நான் பந்தல்காரரைச் சொல்வேன். ஆனால் நீ அதோடு விடவில்லை. கைகாட்டினவர் அந்த வேலை நடக்கிற இடத்துக்கு வந்து, ஆள் வந்தாரா, வேலை தொடங்கியதா என்று பார்க்கிறவரை நிற்க வேண்டும் என்றாய். எங்களுக்கு எரிச்சலாக இருந்தது. முகூர்த்த நாளில் அவரவர் பிழைப்பையே பார்க்க முடியாமல் ஓடுகிறோம், இதில் அடுத்தவன் வேலைக்குக் காவல் வேறா என்று மைக்செட்காரர் முனகினார். "நம்பர் குடுக்குறதுக்கு போன் போதும். கைகாட்டுறதுக்கு ஆளு வேணும்" என்று முடித்துவிட்டாய்.

நாகல்நகரில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா தன் மகள் கல்யாணத்துக்கு உன்னிடம் பாத்திரம் சொன்னாள். புருஷன் இல்லை. ஒற்றை ஆளாக மெஷின் மிதித்து வளர்த்த பெண். சமையலுக்கும் நல்ல ஆளாக நீயே சொல் என்று உன்னிடம் விட்டுவிட்டாள். அந்த வாரக் கூட்டத்தில் நீ கேட்டாய். நான் முந்திக்கொண்டு, எரியோட்டுச் செல்லமுத்துவைச் சொன்னேன். அதற்கு முந்தின மாதம் எரியோட்டில் ஒரு காதுகுத்துக்குப் பூ கட்டப் போன இடத்தில் அவர் சமையலைச் சாப்பிட்டிருந்தேன். அந்தக் கத்தரிக்காய் வெஞ்சனம் நாக்கிலேயே நின்றது.

"சாப்பாட்டப் பாத்த. ஆளப் பாத்தியா?" என்றாய்.

"கைப்பக்குவம் பொய் சொல்லாதுடி."

"சரி, அப்ப அன்னைக்கு நீ வந்து நில்லு."

நிற்கிறேன் என்றேன். பத்துப் பேருக்கு முன்னால் சொன்னேன். அந்த முகூர்த்தத்துக்கு மூன்று மேடைகளை ஒப்புக்கொண்டிருந்ததை மட்டும் சொல்லவில்லை.

கல்யாணத்தன்று விடியற்காலை நான் நிலக்கோட்டை மண்டபத்தில் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தேன். நீ தையல்கார அக்காவின் மண்டபத்தில் பாத்திரங்களை முந்தின நாள் சாயங்காலமே இறக்கி வைத்துவிட்டுப் போனவள். உனக்கு அங்கே வேலையே இல்லை. நான் வந்து நிற்கிறேனா என்று பார்க்கத்தான் ஐந்து மணிக்கு மறுபடி போயிருக்கிறாய். நாலு மணிக்கு வர வேண்டிய சமையல்காரர் இல்லை, நானும் இல்லை. உன் போன் வந்தது. திட்டுவாய் என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

"அடுப்பு பத்தல" என்றாய். வேறு ஒரு வார்த்தை இல்லை.

ஏணியை விட்டு இறங்கினேன். செல்லமுத்துவுக்கு அடித்தேன். பின்னால் பாத்திரச் சத்தம், கூட்டச் சத்தம். அவர் வேடசந்தூரில் வேறொரு பெரிய கல்யாணத்தில் நிற்கிறார். "மச்சான அனுப்பிச்சேனே, வரலையா?" என்கிறார். மச்சான் எங்கே போய்ப் படுத்தானோ. ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு அடுப்பை ஒப்புக்கொண்டிருக்கிறார். மூன்று மேடைக்காரி அவரை என்ன சொல்லித் திட்டுவது? ஆனாலும் திட்டினேன். பிறகு உன்னிடம், "செத்த நேரத்துல வாரேன்" என்றேன். வந்தது எட்டரை மணிக்கு.

நடுவில் நடந்ததெல்லாம் பந்தல்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏழு மணிக்கு ஒட்டன்சத்திரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பஸ்ஸில் இறங்குவார்கள். மளிகையும் காய்கறியும் மூட்டை பிரிக்காமல் கிடக்கின்றன. நீ கூட்டத்துக்காரர்களுக்கு ஒவ்வொருவராக போன் போட்டிருக்கிறாய். இட்லிக் கடைக்காரர் அன்று தன் கடையைத் திறக்கவில்லை, அவித்ததை எல்லாம் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். பாய் இரண்டு மாஸ்டர்களைக் கூட்டிக்கொண்டு வெறுங்கையோடு வந்தார். "சைவக் கல்யாணம்மா. எங்க கடைக் கரண்டி ஒன்னுகூட எடுத்துட்டு வரல. எல்லாம் உங்க கரண்டிலயே ஆகட்டும்" என்று சொல்லிவிட்டுப் பொங்கலுக்கு உலை வைத்தாராம். பத்திரிகை அடிக்கிறவர் வெங்காயம் உரித்தாராம். அந்த மனுஷர் தன் வீட்டில் தண்ணீர் மோந்து குடித்துக்கூட நான் பார்த்ததில்லை.

மாப்பிள்ளையின் தாய்மாமன் சமையல் பக்கம் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, டிபன் ஆயிருச்சுங்களா?" என்று கேட்டபோது சாம்பாரில் பருப்பே வேகவில்லையாம். நீ வாசலை மறித்து நின்றுகொண்டு, "ஆச்சுங்க. எல போடுறாங்க, நீங்க காப்பி குடிங்க" என்று சிரித்தாயாம். உன் சிரிப்பு எனக்குத் தெரியும். உள்ளுக்குள் உதறலெடுத்தால்தான் அவ்வளவு பல் தெரியும்.

வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாமல் பந்தி நடந்துவிட்டது. தையல்கார அக்காவுக்கு மட்டும் எல்லாம் தெரியும். பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இரண்டு மணி நேரம் அவள் சமையல்கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்திருக்கிறாள். நான் உள்ளே நுழைந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. அவள் உன்னைச் சமையல்கூட வாசலில் பிடித்து நிறுத்தியிருந்தாள்.

"யாரு சொல்லி அந்த ஆள வச்ச?"

நான் வாசல் வாழைமரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். நீ என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டு, "நான்தான்" என்றாய்.

"ஒத்தப் பொம்பள, யாரு கேக்கப்போறான்னுதான இப்புடிப் பண்ணுன? ஒன் வீட்டுலயும் பொண்ணு இருக்குல்ல. அது கல்யாணத்துல அடுப்பு பத்தாம நிக்கணும். அப்பத் தெரியும் என் வயித்தெரிச்சல்."

என் பேரை நீ சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தச் சாபம் எனக்கு வர வேண்டியது, உன் தலையில் இறங்குவதை வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வாய் திறக்க அரை நிமிஷம் போதும். எனக்கு அந்த அரை நிமிஷம் வரவில்லை. அவள் பிறகு உன் கடைப் பக்கம் வரவே இல்லை. எதிரே கண்டால் நீதான் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போவாய்.

அடுத்த செவ்வாய்க்கிழமை குடோனுக்கு வந்தால் செல்லமுத்து உட்கார்ந்திருக்கிறார், கையில் டீ. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இந்த ஆள் இருந்தால் நான் எழுந்து போகிறேன் என்றேன். நீ அவரிடம், "ஒரு முகூர்த்தத்துக்கு ஒரு அடுப்பு. சம்மதம்னா ஒக்காருங்க" என்றாய். அவர் தலையைக் குனிந்தபடியே சரி என்றார். வாசலில் என்னை நிறுத்தி மெதுவாகச் சொன்னாய்.

"அவர விட்டா ஒன்னயும் விடணும் பூக்காரி. போயி ஒக்காரு."

உட்கார்ந்தேன். அன்றைக்கு நீ என்னை நாலு பேர் முன்னால் கிழித்திருந்தால் அழுது தீர்த்துவிட்டு மறந்திருப்பேன். நீ அந்தப் பேச்சை அதன் பிறகு எடுக்கவே இல்லை. செல்லமுத்துவோடு நான் வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் என் முகம் தெரிந்தது.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சொல்லிவிட நினைத்தேன், அந்த அக்காவிடம் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று. நீ சிறுமலை வாழைப்பழம் கேட்டாய், வாங்கப் போனேன், அப்படியே அந்த நாளும் போயிற்று. அடுத்த வாரம் நீயும் போய்விட்டாய்.

உன் வருஷத் திதி முடிந்து உன் மகளுக்குத் தேதி குறித்தார்கள். சமையலுக்கு யார் என்று என்னிடம் வந்து நின்றாள். எத்தனையோ பெயர் நாக்கில் வந்தது. செல்லமுத்து என்றேன். அந்த முகூர்த்தத்துக்கு உன் வீட்டு மேடையைத் தவிர வேறு மேடை எடுக்கவில்லை. அதையும் முந்தின நாள் சாயங்காலமே முடித்துவிட்டேன்.

நாலு மணிக்குள் மண்டபத்துக்குப் போனேன். சமையல்கூடத்தில் உன் பாத்திரங்கள் கவிழ்ந்து கிடந்தன. நாலு மணி ஆயிற்று, ஆள் இல்லை. நாலேகால். போன் அடித்தால் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்கிறது. எனக்கு அந்த அக்காவின் குரல் காதிலேயே கேட்டது, 'அடுப்பு பத்தாம நிக்கணும்'. நீ நம்பமாட்டாய், எனக்கு வேர்த்து ரவிக்கை முதுகோடு ஒட்டிவிட்டது. என்ன செய்கிறோம் என்று யோசிக்கவே இல்லை. உன் பெரிய அண்டாவை இழுத்து அடுப்பில் ஏற்றி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, நானே அடுப்பைப் பற்ற வைத்தேன். அரிசி போடவா, பருப்பு போடவா, ஒன்றும் தெரியாது. உன் வீட்டு அடுப்பு எரிய வேண்டும், அவ்வளவுதான்.

நாலரைக்கு ஒரு பால் வண்டி வந்து நின்றது. கேன்களுக்கு நடுவிலிருந்து செல்லமுத்துவும் அவர் ஆட்கள் மூன்று பேரும் இறங்கினார்கள். வேன் வழியில் நின்றுவிட்டதாம், போனில் சார்ஜ் இல்லையாம். எரிகிற அடுப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எனக்கு முன்னாடி ஒல வச்சிட்டீகளாக்கா?"

"தண்ணி மட்டும்தான். மத்தத நீங்க பாருங்க" என்று கரண்டியை எடுத்துக் கொடுத்தேன். எத்தனையோ வருஷம் கழித்து அவரோடு பேசிய முதல் பேச்சு அது.

தையல்கார அக்காவும் வந்திருந்தாள். உன் மகளுக்குப் பழைய கதை ஒன்றும் தெரியாது. கல்யாண ரவிக்கையை அவளிடம் தைக்கக் கொடுத்து, பத்திரிகையும் வைத்திருக்கிறாள். பந்தியில் நான் சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்தேன். அவள் இலைக்கு முன்னால் கால் நின்றுவிட்டது. சாப்பிட்டுக்கொண்டே நிமிர்ந்து, "சாம்பாரு நல்லாருக்கு. யாரு கைகாட்டுன ஆளு?" என்றாள்.

"நான்தான்" என்றேன். இன்னும் ஒரு வார்த்தை பாக்கி இருந்தது. கரண்டியை வாளிக்குள் விட்டேன். "அன்னைக்கு ஒங்க வீட்டுக்கு வராமப் போனதும் இதே ஆளுதான்க்கா. அன்னைக்கும் நான்தான் கைகாட்டுனேன். அவ இல்ல."

அவள் கை இலையில் அப்படியே நின்றது. மேடையில் உன் மகள் மாலையோடு யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தாள். அக்கா அவளைப் பார்த்தாள்.

"நெல்லக் கொட்டுனா அள்ளலாம்" என்றாள். மிச்சத்தைச் சொல்லவில்லை. பிறகு, "கொட்டுன சொல்ல இனி செத்தவகிட்ட எப்புடித்தா போயி அள்ளுறது?" என்று என்னைக் கேட்டாள். பக்கத்து இலைக்காரர் சாம்பார் கேட்டார். ஊற்றப் போய்விட்டேன். அப்புறம் எப்போதோ வாளியை வைத்தவள், கரண்டியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு மேடைப் பக்கம் போய் என் கூடைக்குள் போட்டிருக்கிறேன்.

உன்னிடம் இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது அண்டாக்காரி. அவள் கேட்டதையும் சேர்த்துத்தான் இப்போது நான் சுமந்துகொண்டு திரிகிறேன்.

கரண்டியைக் கழுவி வைத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை உன் மகள் கையில் கொடுத்துவிடுவேன். வருகிற முகூர்த்தத்துக்குச் செல்லமுத்துவை இன்னொரு வீட்டுக்குக் கைகாட்டியிருக்கிறேன். நாலு மணிக்கு அங்கே போய் நிற்பேன். போன் போட நம்பர் இல்லை என்றாலும் முதலில் உன்னிடம்தான் சொல்வேன்: அடுப்பு பத்திருச்சு.

பூக்காரி