வெந்நீரில் கோணிய பல்செட்

பால்குடிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்துக்குப் புறப்படும் அவசரத்தில், பெற்றீசியா கலண்டர்த் தாளொன்றைக் கிழித்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த கணவருக்கு எழுதினாள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் யார் செத்தாலும் ஜெபம் சொல்லும் உபதேசியார் அவர். பல்செட் இல்லாமல் வார்த்தையெல்லாம் காற்றாகப் போவதால், ஒரு வாரமாக வாயே திறக்கவில்லை.

“ரெஜினா அப்பாவுக்கு, ரொட்டிய தேத்தண்ணியில ஊற வச்சிருக்கேன். நேத்து மாதிரி கோழிக்குப் போட்டுறாதீங்க. மடுவத்துல பால்போத்தல அவிக்கிற பழக்கத்துலதாங்க ஒங்க பல்செட்டையும் கொதிக்கிற தண்ணியில போட்டேன். கோணிப்போகும்னு தெரியாது. ஒங்களுக்குச் செட்டு கட்டின நுவரெலியா பல் டாக்டர்கிட்ட கேட்டேன். ஒங்க ஈறு கரைஞ்சிருச்சாம், புதுசு கட்டினாலும் நிக்காதாம். எலும்புல திருகி வைக்கிற பல்லுக்குப் பல லட்சம் ஆகுமாம். அதெல்லாம் நமக்கு எங்க? கோணல் செட்ட மறுபடி போட்டுப் பாக்காதீங்க. தலகாணியில ரத்தம் பார்த்தேன். அந்தோனியம்மா சாவுக்கு ஒங்கள கூப்பிட வந்தாங்க. காய்ச்சல்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்பு மேளம் அடித்துவிட்டார்கள். கதவுவரை போனவள் திரும்பி வந்து, தாளின் அடியில் நுணுக்கி எழுதினாள்:

“நான் செத்தா வேற ஆள கூப்பிடாதீங்க. நீங்களே ஜெபம் சொல்லுங்க. யாருக்கும் வெளங்காட்டியும் எனக்கு வெளங்கும்.”