கூரைமேல் ஒரு பட்டுத்துணி

அன்புள்ள அப்பாவுக்கு,

வேண்டுமென்றே எடுக்காமல் இருக்கவில்லை. நீங்கள் கூப்பிட்டபோது என் கைபேசி நர்ஸ் அக்காவின் வாயில் இருந்தது.

பிரசவ அறையில் கரண்ட் போய்விட்டது. என் இரண்டு கைகளிலும் குழந்தை. கைபேசியின் டார்ச்சைப் போட்டு, அதைப் பற்களுக்கிடையில் கடித்துக்கொண்டுதான் அக்கா தாய்க்குத் தையல் போட்டார். நடுவில் அது அதிர்ந்தது. அவர் முகமே அதிர்ந்தது. ஊசி நின்றது. தாய் அலறினாள்.

முடிந்ததும் கைபேசியைத் துடைத்துக் கொடுத்தார். "உங்கப்பாதானே? அவரோட கரண்டு இதுவரைக்கும் என் பல்லுக்குத்தான் வந்து சேந்திருக்கு" என்றார்.

பிறகு உங்கள் குரல்பதிவைக் கேட்டேன். துணி வெளுத்துவிட்டதா, புதிதாகத் தைக்கச் சொல்லட்டுமா என்று கேட்டிருந்தீர்கள்.

வெளுத்துவிட்டது. இந்த ஆஸ்பத்திரிக் கூரையில் உங்கள் சோலார் பேனல்களை மூடியிருக்கும் நீலப் பட்டுத்துணி, திறப்பு விழாவில் நீங்கள் கயிறு இழுக்க வேண்டிய துணி, சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. அவ்வளவு வெயில். உங்கள் ஆய்வுக்கூடம் கனவு காணும் வெயில். முழுவதையும் துணி குடித்துவிட்டது.

விழாவுக்குக் குறித்த முதல் தேதியைக் கருத்தரங்கம் தின்றது. அடுத்ததை முதுகுவலி. இப்போது விருது. ஒவ்வொரு முறையும் ஒரே வரி எழுதினீர்கள்: நான் வரும்வரை யாரும் தொட வேண்டாம்.

யாரும் தொடவில்லை. திட்ட மேலாளரிடம் கேட்டுப் பார்த்தேன். "மாப்பிள்ளை இல்லாம கல்யாணமாம்மா?" என்று சிரித்தார். உங்களை நன்றாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். காவலாளிக்கு வேறு பெருமை. "சூரியனுக்கே முக்காடு போட்டவங்க உலகத்துலயே நாமதான்" என்கிறார்.

விருதுக் குறிப்பை அனுப்பியிருந்தீர்கள். வளரும் நாடுகளுக்குத் தன் வாழ்நாளை அளித்தவராம். அளித்திருப்பீர்கள். யாரும் இன்னும் பெற்றுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

நான் பொறியியல் படித்ததும், இந்தப் பேனல்களைப் பொருத்த இங்கே வந்ததும் உங்கள் மேடைப் பேச்சைக் கேட்டுத்தான். அதில் ஒரு பெண் வருவாள். இருட்டில் பிள்ளை பெறுவாள். கைதட்டல் தவறாமல் அந்த இடத்தில் விழும். இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து நானும் தட்டியிருக்கிறேன்.

நேற்று அவளைப் பார்த்தேன். உங்கள் பெயர் அவளுக்குத் தெரியாது. தையல் வலியோடு ஒன்றே ஒன்று கேட்டாள்: "மேல வெளக்குக்கு என்னமோ வச்சிருக்காங்கன்னாங்களே, அது யாருக்கும்மா?"

விழா முடியட்டும் என்றேன்.

என் வாயிலிருந்துதான் வந்தது. குரல் உங்களுடையது. அதே நிதானம், அதே கனிவு.

பிறந்தது பெண். நன்றாக அழுகிறாள். அம்மாவிடம் இது எதையும் சொல்லவில்லை. உங்கள் படத்துக்குச் சட்டம் போடக் கொடுத்திருப்பதாக எழுதியிருந்தார். போடட்டும்.

விருதுக்குப் போய் வாருங்கள். அங்கே குளிரும், கோட்டு மறக்க வேண்டாம். இங்கே மட்டும் வராதீர்கள். வெயில் அதிகம். உங்களுக்குப் பழக்கமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அப்பா.

இப்படிக்கு,
உங்கள் மகள்

பி.கு. இதை எழுதி முடித்ததும் ஏணி கேட்டேன். காவலாளி பிடித்துக்கொண்டார். துணியை இழுத்துப் போட்டு, இணைப்பைக் கொடுத்தேன். சாயங்காலம் பிரசவ அறையில் விளக்கு எரிந்தது. துணியை மடித்து இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன்.