நாக்குக்கு அடியில் வைத்த மாத்திரை

மச்சான்,

நேற்று பூச்சோங்கில் வேனின் கதவைப் பிரித்துப் போட்ட மெக்கானிக் தம்பி ஒரு தகர டப்பாவை என் கையில் கொடுத்தான். "அண்ணே, டோருக்குள்ள விழுந்து கெடந்துச்சி. உங்களுதா?" என்றான். பச்சை நிறப் புதினா மிட்டாய் டப்பா. மூன்று வருடமாக வளைவுகளில் எல்லாம் கிலுகிலுத்து என் உயிரை எடுத்தது இதுதான். அந்தச் சத்தத்துக்காகக் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை சாலை போட்ட அத்தனை பேரையும், அவர்களுக்குத் தார் காய்ச்சியவர்களையும் சேர்த்துச் சபித்திருக்கிறேன். மூடியைத் திறந்தேன். மிட்டாய் இல்லை. வெள்ளை மாத்திரைகள். சில மஞ்சளாகி, சில ஓரம் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போய் இருந்தன. தூக்கிப் போட்டுவிடவா என்று கேட்டான் தம்பி. வேண்டாம் என்று வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

உன் பிரஷர் மாத்திரைகள். இப்படி ஒரு டப்பா இருப்பது எனக்குத் தெரியும். எங்கே போனது என்பதுதான் தெரியாது. நீ போன பிறகு உன் காய்கறி வேன் என் ஒலிபெருக்கி வேன் ஆனபோது, இருக்கைக்கு அடியில் எல்லாம் கையை விட்டுத் துழாவினேன். கிடைக்கவில்லை. கிடைக்காததில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

உனக்கு நினைவிருக்கும். கிள்ளான் வீட்டில், என் தங்கை தேவி உனக்குக் காலை மாத்திரை கொடுக்கும் நேரம் என்றால் எனக்குத் திருவிழா. சனி, ஞாயிறுகளில் கல்யாண மண்டபங்களில் மைக் பிடித்து, "மணமகனின் தாய்மாமன் இதோ வருகிறார்" என்று யானை ஊர்வலம் வருவதுபோல் முழங்குகிறவன் நான். கிள்ளான் பள்ளத்தாக்கில் என் குரல் கேட்காமல் ஒருவர் கழுத்திலும் தாலி ஏறியதில்லை என்று நானே சொல்லிக்கொள்வேன். அப்படிப்பட்டவன் தங்கை வீட்டுக்கு வந்தால் சும்மா இருப்பேனா? கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு தொடங்குவேன். மூன்று தட்டு நாசி லெமாக் சோற்றை ஒரே மூச்சில் உள்ளே அனுப்பும் தொண்டை, லோரியே திரும்பிப் போகலாம் என்கிற அகலமுள்ள தொண்டை, இதோ ஒரு பயத்தம்பருப்பு அளவு மாத்திரை முன்னால் நடுங்கி நிற்கிறது என்பேன். நீ தலையைப் பின்னால் சாய்ப்பாய். கண் பிதுங்கும். கழுத்தைப் பிடித்துக்கொண்டு உமட்டுவாய். தேவி சிரிப்பாள். உன் மகள் யாழினிக்கு அப்போது ஐந்து வயது, என் மடியில் உட்கார்ந்து கை தட்டுவாள். அவளே கழுத்தைப் பிடித்துக்கொண்டு உன்னைப்போல் செய்து காட்டுவாள். அதற்கும் கை தட்டினோம்.

பாதிக்கு மேல் நீ நடிக்கவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். ஒரு நாள் உன் பின்னாலேயே வேன்வரை வந்தேன். நாக்குக்கு அடியிலிருந்து மாத்திரையை எடுத்து அந்த டப்பாவில் போட்டாய். என்னைப் பார்த்ததும் கண்ணடித்தாய். "மச்சான், உன் தங்கச்சிகிட்ட வாயத் தொறந்த, மைக்கப் புடுங்கிருவேன்" என்றாய். நான் சிரித்தேன். அன்று மட்டும் இல்லை, இரண்டு வருடம் சிரித்தேன். நூறு மூட்டை முட்டைக்கோசை ஒற்றை ஆளாக இறக்குகிறவனுக்கு என்ன வந்துவிடும் என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் காலை செராஸ் சந்தையில் மூட்டை இறக்கும்போதே நீ விழுந்தாய்.

மருத்துவமனையில் டாக்டர், மருந்தெல்லாம் ஒழுங்காக எடுத்தாரா என்று கேட்டார். தேவி சொன்னாள், "ஒரு நாளும் தவறினதில்ல டாக்டர். நானே கையில குடுப்பேன்." நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் கை கழுவும் முறையைப் படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். அந்தப் படங்களை இப்போது கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்வேன்.

இப்போது யாழினிக்குப் பத்து வயது. போன வருடத்திலிருந்து அவளுக்கு வலிப்பு. சிரப் கொடுத்தார்கள், கொஞ்ச நாள் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. டாக்டர் மாத்திரைக்கு மாற்றினார். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்கிற மாத்திரை, உடைக்கக் கூடாது, மெல்லக் கூடாது, முழுசாக விழுங்க வேண்டும் என்றார். முதல் நாள் அதைப் பார்த்தவுடன் உன் மகள் தலையைப் பின்னால் சாய்த்தாள். கண்கள் பிதுங்கின. கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். அச்சு அசல் நீதான், மச்சான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

இதற்கு மேல் நான் செய்த காரியத்தையும் கேள். மாமனாயிற்றே, மூளைக்காரனாயிற்றே, கேசரி உருண்டைக்குள் மாத்திரையைப் புதைத்து, ராஜ விருந்து என்று அறிவித்து ஊட்டிவிட்டேன். கடித்துவிட்டாள். கசப்பில் முகம் அப்படியே சுருங்கியது. அதன்பிறகு என் கையால் எதைக் கொடுத்தாலும் பிரித்துப் பார்த்தாள். தோசையை விரித்துப் பார்த்தாள். வாழைப்பழத்தை நசுக்கிப் பார்த்தாள். மூன்று நாள் மாத்திரை போகவில்லை. ஏமாற்றியாவது உள்ளே அனுப்பிவிடலாம் என்று நானும், அடித்துப் பார்க்கலாமா என்று தேவியும் யோசித்துக்கொண்டிருந்தோமே தவிர, டாக்டருக்கு ஒரு போன் செய்யத் தோன்றவில்லை. நான்காம் நாள் பள்ளிக்கூடக் கேண்டீனில் விழுந்துவிட்டாள். ஆசிரியை போன் செய்தபோது நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாணத்துக்குப் பூமாலை வாங்கிக்கொண்டிருந்தேன். மாலையைக் கடையிலேயே விட்டுவிட்டு ஓடினேன். நெற்றியில் மேசை விளிம்பு பட்டு இரண்டு தையல்.

டாக்டர் திட்டவில்லை. இரண்டு வாரம் பழைய சிரப்பையே சமாளிக்கக் கொடுத்து, அதற்குள் பழக்குங்கள், சிரப் மட்டும் இனி இவளுக்குப் போதாது என்றார். பழக்குவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தது அங்கிருந்த நர்ஸ் அக்கா. முதலில் கேக்மேல் தூவுகிற வண்ணச் சீனி, ஒரே ஒரு மணி. அது போனால் அதைவிடக் கொஞ்சம் பெரிய மிட்டாய். அப்புறம் இன்னும் பெரிது. முதலில் ஒரு வாய் தண்ணீர் குடித்து நனைத்துக்கொண்டு, நாக்கு நடுவில் வைத்து, மறுபடியும் தண்ணீர். தினமும் ஐந்து நிமிடம் போதும், முடியாத நாளில் விட்டுவிட வேண்டும். தலையைப் பின்னால் சாய்க்கவே கூடாது, சாய்த்தால்தான் விழுங்கக் கஷ்டம், நேராகப் பார்க்க வேண்டும் என்றார். நான் நடுவில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "அங்கிள், நீங்க பேசாம பக்கத்துல உக்காந்தா போதும். பெரிய உதவி அதான்" என்றார் அந்த அம்மாள். வீட்டில் வேறு யாராவது மாத்திரைக்குப் பயந்தவர்கள் உண்டா என்றும் கேட்டார். இல்லையே, இவள் அப்பா தினமும் போட்டாரே என்றாள் தேவி. யாழினி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

தலையை நேராக வைக்க வேண்டும். அவ்வளவுதானாம், மச்சான். ஐந்து நிமிட வேலை. உன் எதிரில் உட்கார்ந்து, டேய், உண்மையிலேயே முடியலையா என்று ஒருவன் கேட்டிருந்தால் நீயும் பழகியிருப்பாய். கேட்க வேண்டியவன் கரண்டியைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து தினமும் மாலை நான்கு மணிக்குக் கிள்ளானுக்குப் போனேன். சமையலறை மேசையில் அவள், எதிரில் நான், நடுவில் ஒரு குவளை தண்ணீர். ஐந்து நிமிடம் வாய் பேசாமல் இருப்பது என்னைப்போன்ற ஜீவனுக்கு இமயமலையைத் தலையில் சுமப்பதற்குச் சமம். சுமந்தேன். சீனி மணி இரண்டாம் நாளே போனது. சின்ன மிட்டாய்க்கு நான்கு நாள் ஆனது. ஒரு நாள் எதுவும் போகவில்லை, அழுதாள், எடுத்து வைத்துவிட்டோம். பத்தாம் நாள் மாத்திரை அளவு மிட்டாயே போய்விட்டது. டாக்டரிடம் கேட்டு, மறுநாள் காலை நிஜ மாத்திரையை வைத்தோம்.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தேவி பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், கதவு திறந்திருந்தது.

"மாமா, அப்பா முழுங்கல, தானே?"

என் தொழில் உனக்குத் தெரியும். எப்படிப்பட்ட கேள்வியையும் சிரிப்பாக்கிச் சபையைக் கலகலக்க வைக்க எனக்கு ஒரு நொடி போதும். அந்தச் சிரிப்பு பல்வரைக்கும் வந்துவிட்டது.

"இல்லம்மா" என்றேன்.

"நாக்குக்கு அடியில வெச்சிக்குவாரு. நான் கீழ இருந்து பார்த்திருக்கேன். நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

தெரியவில்லை என்றேன். அது பொய். உன்னோடு சேர்ந்து ஒரு ரகசியம் வைத்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை. பத்து வயதுப் பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது? அவள் குவளையை அருகில் இழுத்துக்கொண்டாள். பிறகு ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். மாத்திரையை நாக்கின் நடுவில் வைத்தாள், சுவரை நேராகப் பார்த்தாள், மறுபடியும் குடித்தாள். போய்விட்டது. உடனே, யாரும் கேட்காமலே, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள். "கீழயும் இல்ல, பாருங்க."

நான் திரும்பியபோது தேவி ஈரத் துணியோடு கதவருகில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. திட்டியிருந்தால் தேவலாம். துணியைக் கொண்டுபோய் மறுபடியும் வாளியில் போட்டாள். அண்ணா சாப்பிட்டுட்டுப் போ என்று இருபது வருடமாகச் சொல்லி வந்தவள் அன்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசு என்று கேட்க எனக்கும் முகம் இல்லை.

ஆனால் மச்சான், தினமும் காலை ஏழு மணிக்கு அவள் போனிலிருந்து எனக்கு வீடியோ அழைப்பு வருகிறது. எடுத்தால் தேவியின் முகம் இருக்காது. யாழினி தண்ணீர் குடிப்பாள், விழுங்குவாள், திரை முழுக்க வாயைத் திறந்து நாக்கைத் தூக்குவாள். போனைப் பிடித்திருக்கும் தேவியின் விரல் மட்டும் ஓரத்தில் தெரியும். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்துவிட்டு, "போயிருச்சிம்மா" என்கிறேன். கை போனை அணைத்துவிடும்.